கிட்டாருக்கு ஒரு பல்

சந்தோஷம் அதிகமானால் எனக்கு விக்கல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க என் பெயரைக் கூப்பிட்டால் மேடை ஏறுவதற்குள் விக்க ஆரம்பித்துவிடுவேன். தாலி கட்டுகிற நேரத்திலும் வந்தது. பெண்ணுக்கு ஏதோ சீக்கு என்று என் மாமியார் பயந்தே போய்விட்டார். ஆகவே நான் பேசும்போது நடுவில் விக்கினால், மாட்டிக்கொண்டேன் என்ற பதற்றத்தில் விக்குகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, பிரதீபா. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் உள்ளே தூங்குகிறார். மத்தியான மாத்திரை போட்டால் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். நீ நிதானமாகக் காபியைக் குடி.

அவர் உனக்குக் கொடுத்த கிட்டாரைச் சென்னையில் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் காட்டியதாகச் சொன்னாய். நட் தேய்ந்து போகவில்லை, யாரோ அரத்தை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ராவியிருக்கிறார்கள், ஆனால் வேலை ரொம்பச் சுத்தம் என்று அந்த ரிப்பேர்காரர் சொன்னாராம். கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி உன்னிடம் கேட்டேனே, அதற்குத்தான். ராவியது நான்தான்.

என் வேலை உனக்குத் தெரியும். செங்கல்பட்டில் பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல் செய்து கொடுக்கிற லேப். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் செட்டும் பல்லின்மேல் மாட்டுகிற தொப்பியும் செய்து அனுப்புவோம். ஒரு பல் மயிரிழை உயர்ந்துவிட்டால் போதும், அந்த மனிதரால் ஒரு இட்லியை நிம்மதியாக மெல்ல முடியாது. தாடை வலிக்கிறது என்பார், தலை வலிக்கிறது என்பார், மருமகள் சமையலே சரியில்லை என்பார். திருப்பி அனுப்புவார்கள். நான் இரண்டு இழுப்பு ராவிக் கொடுப்பேன். மறுநாள் அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். இரண்டு இழுப்பில் ஒரு மனிதரின் சுபாவத்தையே மாற்றலாம். இதை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

உன் அங்கிளும் அதே மாதிரி வேலைதான். ஆபீஸில் சின்னச் சின்ன மீட்டர்களைத் திறந்து முள்ளைச் சரிசெய்து மூடுவார். இரண்டு பேருக்கும் நாளெல்லாம் கண்ணும் கையும் குறுகிக் கிடக்கும். அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டால் பேச ஒன்றும் இருக்காது. லட்சுமிநாராயணன் நல்ல மனிதர், அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சம்பளக் கவரை என் கையில் கொடுப்பார், குழம்பில் உப்பில்லை என்றாலும் சாப்பிட்டுவிடுவார். நான் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான் என்று தோன்றும். வேறு குறையில்லை.

எங்கள் பையன் கலையரசன் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனபோது பீரோ மேல் கிட்டாரைப் போட்டுவிட்டுப் போனான். ஒருநாள் தூசி தட்ட இறக்கிய மனிதர் திரும்ப ஏற்றவில்லை. போனைப் பார்த்தே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கற்றுக்கொண்டாரே தவிர, கம்பிகள் வண்டு மாதிரி இரைந்தன. எதிர்வீட்டு அம்மா மிக்ஸி ரிப்பேரா என்று கேட்டார்.

ஒருநாள் லேபுக்குப் போன் செய்தார். "வச்சு, வரும்போது ஒரு நட் வாங்கிட்டு வா. இது தேஞ்சு போச்சு."

நானும் திருக்கழுக்குன்றத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர், "இன்னா சைஸும்மா? போல்ட்டு கீதா, இல்ல அதுவும் சேத்துக் குடுக்கட்டா?" என்றார். எனக்கு என்ன தெரியும். எல்லா அளவிலும் கலந்து கொடுங்கள் என்றேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் கொட்டியதும் அவர் என்னைப் பார்த்தார், நட்டுகளைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த மனிதருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எனக்கு விக்கல் வந்துவிட்டது. என் விக்கலைப் பார்த்து அவர் இன்னும் சிரித்தார்.

பிறகு கிட்டாரைத் திருப்பிக் காட்டினார். கழுத்தின் உச்சியில், கம்பிகள் வந்து ஏறுகிற இடத்தில், சீப்பின் பல்லை ஒடித்து வைத்தது மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு, அதுதான் நட். அதில் கம்பிக்கு ஒன்றாக ஆறு சின்னப் பள்ளம், காடி என்பார்கள். காடி ஆழமாகத் தேய்ந்தால் கம்பி கீழே இறங்கிக் கட்டையில் உரசும். விரலால் அழுத்தி வாசிக்கிற கம்பிக்கு ஒன்றும் ஆகாது, அழுத்தாமல் சும்மா விட்ட கம்பிதான் இரையும். அவ்வளவுதான் விஷயம்.

ஆன்லைனில் ஒன்று வரவழைத்தார். ஒட்டக எலும்பு என்று அட்டையில் போட்டிருந்தது. சுத்த சைவம் அல்லவா. இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்ப் பால்கனியில் வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"பல்லுதானேங்க இது. நானே செஞ்சு தரேன்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பழைய துணியை விரித்து உட்கார்ந்தோம். பல்லுக்குப் போடுகிற பொடியைக் கலந்து, பழைய நட்டின் அச்சில் வார்த்து, இறுகியதும் ராவினேன். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு என் காதில் பட்டது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை. பழையதைக் கட்டையால் மெல்லத் தட்டியதும் விழுந்துவிட்டது. புதியதை ஒரு பொட்டு சிமெண்ட் வைத்து உட்காரவைத்தேன். பல்லைத் தற்காலிகமாக ஒட்டுகிற சிமெண்ட், வேண்டும்போது தட்டினால் வந்துவிடும். கம்பிகளை ஏற்றி ஒரு தடவை மீட்டினார்.

இரைச்சலே இல்லை. அறை முழுக்க நாதம்.

அவர் என் தலையில் கை வைத்து, "வச்சு, நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்," என்றார்.

அன்று முழுக்க விக்கல். சர்க்கரை, தண்ணீர், மூச்சைப் பிடிப்பது, எதற்கும் நிற்கவில்லை. மறுநாள் லேபில் பாடிக்கொண்டே வேலை பார்த்தேன். அந்த வாரம் நான் செய்து அனுப்பிய பல் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அதன் பிறகுதான் நீ வந்தாய். டவுன்ஷிப் பொங்கல் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்டு, மாமல்லபுரத்தில் எல்லப்பனின் கடற்கரை மீன் சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் பாட்டுக் குழுவோடு வாசிக்கக் கூப்பிட்டாய். அவர் பூப்போட்ட சட்டை வாங்கினார். தலைக்குச் சாயம் பூசினார். உன்னோடு வயது வித்தியாசம் பார்க்காமல் அரட்டை அடித்தார். இங்கேதான் ஜனங்கள் தப்பாக நினைப்பார்கள், பொறாமை என்பார்கள். எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். ஒரு சனிக்கிழமை நானும் வந்தேன், நினைவிருக்கிறதா? எல்லப்பன் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, "அண்ணி, அண்ணாத்த வாசிக்கிறத கேட்டுகினே இருந்தனா, அடுப்புல வவ்வா மீனு கருகிப் பூட்ச்சு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாசித்து முடித்து அவர் மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். உனக்கு, எல்லப்பனுக்கு, வந்தவர்களுக்கு, கடலுக்குக்கூட. என் பெயர் விட்டுப்போயிற்று. வேண்டுமென்று விட்டதில்லை. நட் நன்றாக இருந்தால் அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை.

அதனால் ஒருநாள் காலையில் அவர் ஆபீஸ் போனதும் நாலாவது கம்பியைத் தளர்த்தி அதன் காடியில் இரண்டு இழுப்பு ராவினேன். சுருதி சேர்க்கப் போனில் வழி இருக்கிறது, அதைப் பார்த்துச் சேர்த்து வைத்தேன். விளையாட்டாகச் செருப்பை ஒளித்து வைப்பார்களே, அப்படித்தான். கம்பி இரையும், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார், மேஜையில் துணி விரிப்போம். அவர் விளக்குப் பிடிப்பார். லேபுக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பாக வந்தது. பக்கத்திலிருந்த பெண் தானும் காரணமில்லாமல் சிரித்தாள்.

அவர் கிட்டாரைக் கொண்டு வரவில்லை. சமையலறை வாசலில் இடது கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வச்சு, விரலை நிமிர்த்தி வைக்க முடியல. பக்கத்துக் கம்பியில படுது போல. ஒரே இரைச்சல்."

"கிட்டார்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்றேன். இதை நீ கவனிக்க வேண்டும். நான் கேட்டேன்.

"கிட்டார்ல என்ன? நட்டு நீ செஞ்சது. அதுல தப்பு வராது. என் கைதான்."

அவர் கை என் கைக்குள் இருந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கலாம். ஆனால் அவர் கை என் கைக்குள் இருந்ததே. கல்யாணத்துக்குப் பிறகு அவராக வந்து என்னிடம் நீட்டிய கை. அடுப்பில் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணினேன்.

விரல் விரலாக நீவிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சங்கரன்கோவிலில் சின்ன வயதில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். அப்படி ஒரு கதை இருப்பதே எனக்குத் தெரியாது. மறுநாள் நீவும்போது வேறு கதை. எனக்கு அவரைப் புதிதாகக் கட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. பூ வாங்கி வைத்துக்கொண்டேன். நாலாவது கம்பியோடு நிறுத்தினால் கை தேறிவிடும் போலிருந்தது. ஆகவே மூன்றாவதைக் கொஞ்சம் ராவினேன். பிறகு ஐந்தாவது. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்தால் கிட்டார்மேல் சந்தேகம் வரும். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் மனிதன் தன்னைத்தான் சந்தேகப்படுவான். பல் விஷயத்திலும் அதுதான்.

அவர் சனிக்கிழமை வருவதை நிறுத்தியதும் நீ பார்க்க வருவதாகப் போன் செய்தாய். எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம் லேபிலேயே இன்னொரு நட் செய்தேன், நல்லது, முதலில் செய்ததைவிட நல்லது. நீ வருகிற அன்று காலையில் அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது மாற்றி வைத்தேன். நீ வந்தாய். இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாய், அப்போது அணுபுரம் வீட்டில் கிடந்தது. கிட்டாரை வாங்கி வாசித்தாய். எவ்வளவு நன்றாக வாசித்தாய் தெரியுமா? எனக்கு மெய் சிலிர்த்தது.

"கிட்டார் சூப்பரா இருக்கே அங்கிள். ஒரு இரைச்சலும் இல்லையே," என்றாய்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ பார்த்திருப்பாய். அவருக்கு இருந்த கடைசிச் சந்தேகத்தை நீதான் தீர்த்து வைத்தாய். உன்மேல் குற்றமில்லை, நீ உண்மையைத்தான் சொன்னாய். நீ போன பிறகு அவர் ஒரு தடவை எடுத்து வாசித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் ராவி வைத்த பழையதை மாட்டினேன்.

டாக்டர் ஷபானாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்னை யாரும் குறை சொல்ல முடியாது, செங்கல்பட்டிலேயே நரம்புக்கு நல்ல டாக்டர். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "சார், உங்க கை என் கையைவிட ஸ்டெடியா இருக்கு," என்றார். இவர் நம்பவில்லை.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க டாக்டர். எனக்குத் தெரியாதா என் கை?"

டாக்டர் மனசுக்கு ஒரு மாத்திரை எழுதினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இது கொஞ்ச நாளைக்குத்தான். அதுக்கு மேல தொடர்ந்து குடுத்தா இந்த மாத்திரையே கையில நடுக்கத்தைக் கொண்டு வந்துடும். ஞாபகம் வச்சுக்கோங்க," என்றார்.

நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

உன் அங்கிளுக்குப் பொய் சொல்ல வராது. ஆபீஸில் அவரே போய், தன் கையை நம்பி இனி மீட்டர்களைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேஜை வேலை கொடுத்தார்கள். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்க அவருக்குக் கூச்சம். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மாலை போட்டு அனுப்பினார்கள், ஜாங்கிரி ருசியாக இருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே திருப்போரூருக்கு வந்தோம். நானும் லேப் வேலையை விட்டுவிட்டேன்.

பிரதீபா, என் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல காலம். காலையில் நான் அவருக்கு ஷேவ் செய்துவிடுகிறேன். சட்டைப் பித்தான் போட்டுவிடுகிறேன். பிசைந்து ஊட்டிவிடுகிறேன். கிருத்திகைக்கு முருகன் கோயிலில் கூட்டம் நெரியும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவார். எங்கே போனாலும் இரண்டு பேராகப் போகிறோம். நான் மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனால்கூட வச்சு, வச்சு என்று கீழேயிருந்து குரல் வரும். நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார் தெரியுமா? எண்ணுவதையே விட்டுவிட்டேன். சில நாள் சமையலறையில் தனியாக நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். விக்கல் வந்து அண்டாவில் தண்ணீர் மொண்டு குடிப்பேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஒருமுறை எல்லப்பன் நுங்கு வாங்கிக்கொண்டு வந்தார். "அண்ணாத்த, வாசிக்க வாணாம். சும்மா வந்து குந்திகினு கடலையாச்சும் பாத்துட்டுப் போ. நான் வண்டில இட்டாந்து வுடறேன்," என்றார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நுங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். "வச்சு இல்லாம நான் எங்கயும் போறதில்ல, எல்லப்பா," என்றார். இதோ, சொல்லும்போதே விக்கல் வருகிறது பார்.

டாக்டர் சொன்ன கெடு எப்போதோ முடிந்துவிட்டது. பழைய சீட்டைக் காட்டினால் கடையில் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். அதை வாங்கப் போயிருந்த நேரத்தில்தான் அவர் உன்னைக் கூப்பிட்டுக் கிட்டாரைக் கொடுத்திருக்கிறார். கண் முன்னால் இருந்தால் கஷ்டமாக இருக்கிறது என்றாராமே. நான் வந்து பார்த்தபோது மூலை காலியாக இருந்தது. நல்ல நட் என் தையல் டப்பாவில் கிடந்தது. மாற்றி வைக்க நேரமில்லை. அது என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். வேலையில் எனக்கு அப்படி நேர்ந்ததே இல்லை.

அழாதே. முகத்தைத் துடைத்துக்கொள். அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறாய், சொல். நான் தடுக்க மாட்டேன். எழுந்திருக்கிற நேரம்தான். நானே கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து உன் எதிரில் உட்காரவைக்கிறேன். நட்டைப் பற்றிச் சொல், அரத்தைப் பற்றிச் சொல், மாத்திரையைப் பற்றியும் சொல். பொறுமையாகக் கேட்பார், அவர் சுபாவம் அது. கேட்டு முடித்ததும் காபி டம்ளரை எடுப்பார். அப்போது அவர் கையைப் பார். மூன்று மாதமாக அப்படித்தான் ஆடுகிறது. பாதிக் காபி சட்டையில் கொட்டிவிடும், அதற்காகத்தான் துண்டு போட்டு வைக்கிறேன்.

இந்த வீட்டில் இப்போது கிட்டார் இல்லை. நான் எதையும் ராவவில்லை. ஆனாலும் கை நடுங்குகிறது. மாத்திரை என்று நீ சொல்வாய், டாக்டரும் சொல்வார். அவர் கையை ஒவ்வொரு விரலாக நீவியவள் நான். எனக்குத் தெரியாதா? அது அவருக்குள் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. பரிசோதனையில் தெரியவில்லை, டாக்டருக்குத் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தது நான்தான்.